நடுவில் நிற்பவள்

நாத்தனார் அவளை ஒரு நாளும் "அண்ணி" என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டே ஆகவேண்டிய இடம் வந்தால் "இந்தாங்க" என்பாள், இல்லையென்றால் தொண்டையைச் செருமுவாள். அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவள் தன்னைவிட வயதில் சின்னவள் என்பது ஒரு காரணம். பெரிய அறை கைவிட்டுப் போனது இன்னொரு காரணம். திருமணத்துக்கு முன்பு அந்த ஜன்னல் வைத்த அறையில்தான் அவள் மேசை போட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதே மேசை, இஸ்திரிப் பலகைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவே, சின்ன அறையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

வந்தவளுக்கும் வாய் இல்லாமல் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுவதும் லென்ஸ் தேய்க்கிறவள். இயந்திரத்தின் கிறீச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரல். கொடியில் காயப்போட்ட தன் துணியை நாத்தனார் ஈரத்தோடு சுருட்டி நாற்காலியில் போட்டால், மறுநாள் நாத்தனார் போனில் வேலை பேசும் நேரம் பார்த்து அறை வாசலில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டுவாள். இருவரும் சண்டை போட்டதே இல்லை. சண்டை போடப் பேச வேண்டுமே!

கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வீட்டில் நடப்பது எதுவும் தன் கண்ணில் படவில்லை என்பதுபோல் நடந்துகொள்வான். அண்ணனும் தங்கையும் கல்லூரிக் காலத்திலிருந்தே கணினியில் ஒரு விளையாட்டு விளையாடி வந்தார்கள். கோட்டை பிடிக்கிற விளையாட்டு. அணிக்கு மூன்று பேர், ஆயுதமே கிடையாது, மந்திரம்தான். மந்திரத்தையும் அவரவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக இருந்த நண்பனுக்கு வேலை நேரம் மாறிவிட, போட்டிகள் தொடங்கும் சமயத்தில் அணியில் ஓர் இடம் காலியானது.

"நீ வாயேன். தங்கச்சியே உன்னை ஆசைப்பட்டுக் கேட்டா. அவளே சொல்லியும் தருவா" என்றான் கணவன்.

அவளால் நம்ப முடியவில்லை. ஆனாலும் ஒரு நப்பாசை. எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பது? சாயங்காலம் கூடத்துக்கு வந்து தன் பழைய லேப்டாப்பைத் திறந்தாள்.

"பேரு போடணும்" என்றாள் நாத்தனார், திரையைப் பார்த்தபடி.

"நீங்களே ஏதாவது போடுங்களேன்."

நாத்தனாரின் விரல்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. 'வாழைமட்டை' என்று திரையில் விழுந்தது.

"கற்பூரம்னா உடனே பத்திக்கும். கரின்னா ஊதி ஊதிப் பத்தவைக்கலாம். வாழைமட்டைன்னா தலைகீழா நின்னாலும் பத்தாது. நீங்க எதுன்னு பார்த்துக்கலாம்."

பின்னால் இருந்து கணவன் சிரித்தான். "அவ சும்மா விளையாட்டுக்குச் சொல்றா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மந்திரம்னா மூணு துண்டு" என்று பாடம் தொடங்கியது. "முதல்ல மூலம். நெருப்பா, நீரா, காத்தா, மண்ணா. அடுத்தது வடிவம். அம்பாப் போகணுமா, சுவரா நிக்கணுமா, கயிறாச் சுத்தணுமா. கடைசியில பாரம். எவ்வளவு பலமா இறங்கணும்ங்கறது. ஒண்ணு செய்யுங்க பார்ப்போம்."

அவள் நெருப்பை எடுத்தாள், அம்பை எடுத்தாள், பாரத்தைக் கடைசி வரை இழுத்துவிட்டாள்.

"அதானே. புதுசா வர்ற எல்லாரும் செய்யற அதே வேலை. இப்ப அந்த நாய் மேல விடுங்க."

திரைக்குள் இருந்த பெண் கையைத் தூக்கி முணுமுணுக்க ஆரம்பித்தாள். முணுமுணுத்தாள், முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நாய் நிதானமாக வந்து கணுக்காலைக் கடித்தது. கையில் திரண்ட நெருப்பு புஸ்ஸென்று அணைந்தது. திரை ஓரத்தில் சக்தியின் அளவைக் காட்டும் நீலக்கோடு அடியோடு வற்றிப்போனது.

"பாரம் ஏற ஏற முணுமுணுக்கிற நேரமும் ஏறும். நடுவுல ஒரு அடி விழுந்தா மந்திரமும் போச்சு, சக்தியும் போச்சு. விரலுக்கேத்த வீக்கம் வேணும். அது எல்லாத்துக்கும்தான்."

கடைசி வார்த்தை விளையாட்டைப் பற்றியது இல்லை என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நாத்தனார் கற்றுக்கொடுத்ததில் பொய் இல்லை. திட்டித் திட்டியே கொடுத்தாள், ஆனால் சரக்கு சுத்தம். "எதிரி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, அது என்ன கல்யாண ஆல்பமா? கையைப் பாருங்க. ஒரு கை தூக்கினா சின்னதா எறியறான். ரெண்டு கையும் தூக்கினா பெரிசா வருது. அப்ப நீங்க லேசா ஒரு குத்து குத்தினாலே போதும், அவன் மந்திரம் உடைஞ்சிடும். அதுக்குத்தான் பாரமே இல்லாத அம்பு ஒண்ணு எப்பவும் கைவசம் வேணும்ங்கறது." "நனைஞ்சு நிக்கிறவன் மேல நெருப்பை வீணாக்காதீங்க, மண்ணைப் போடுங்க. சேறாகி கால் மாட்டிக்கும்." "சக்தியைத் தொடச்சுக் காலி பண்ணாதீங்க. ஓடறதுக்குன்னு கொஞ்சம் மிச்சம் வைங்க."

"சரி. நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டாள் அவள்.

நாத்தனார் ஒரு நொடி தன் அண்ணனைப் பார்த்தாள். பிறகு, "நடுவுல. படிக்கட்டு மேல. புதுசா வந்தவங்க நிக்கிற இடம் அதுதான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் படிக்கட்டின் மேல் நின்றாள், செத்தாள். மறுபடி நின்றாள், மறுபடி செத்தாள். எதிரணியினர் மூன்று திசையிலிருந்தும் வந்து அடித்தார்கள். எந்தக் கையைப் பார்ப்பது? ஒருவன் மந்திரத்தை உடைத்தால் மற்ற இருவரின் மந்திரமும் அவள் தலையில் வந்து விழும். ஆனால் அணி மட்டும் ஜெயித்துக்கொண்டே போனது. அவள் சாம்பலாகி முடிப்பதற்குள் அண்ணனும் தங்கையும் எங்கிருந்தோ வந்து கோட்டையைப் பிடித்திருப்பார்கள்.

"பத்தவே இல்லையே" என்று சிரிப்பாள் நாத்தனார், காதிலிருந்து ஹெட்போனை இறக்கியபடி.

"விடு, புதுசுதானே" என்பான் கணவன்.

கடையில் லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் ஓடியது. தனக்குத்தான் தலையில் ஒன்றும் ஏறவில்லையோ என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வீம்பு வந்தது. வார விடுமுறை நாளில், நாத்தனார் அச்சகத்துக்குப் போயிருந்த மத்தியானம், முன்பின் தெரியாதவர்களோடு ஓர் ஆட்டத்தில் சேர்ந்தாள். வழக்கம்போல ஓடிப்போய்ப் படிக்கட்டின் மேல் நின்றாள்.

"ஏம்மா, அங்க ஏன் போய் நிக்கிற?" ஹெட்போனில் ஏதோ ஒரு பெண் குரல் அதட்டியது. "இறங்கு, இறங்கு! சுவரோரமா வா."

"புதுசா வந்தவங்க நிக்கிற இடம்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா? அது இரை நிக்கிற இடம். மூணு பேரும் உன்னை அடிக்க வருவாங்க, நீ செத்துக்கிட்டு இருக்கிற நேரத்துல உன் ஆளுங்க பின்பக்கமாப் போய்க் கோட்டையைப் பிடிச்சிடுவாங்க. தெரிஞ்சு நின்னா அது தியாகம். தெரியாம நிக்க வெச்சா அதுக்குப் பேரு வேற. யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

"வீட்டு ஆளுங்கதான்."

"நல்ல வீடும்மா" என்றது அந்தக் குரல்.

சுவரோரமாக நின்று ஆடிய அந்த ஆட்டத்தில் அவள் சாகவில்லை. ஒருவனைச் சேற்றில் மாட்டினாள், இன்னொருவனின் கையைப் பார்த்து மந்திரத்தை உடைத்தாள். ஆட்டம் முடிந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. காது மடல் சூடாகியிருந்தது. இத்தனை நாள் முட்டாள் என்று நினைத்துத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாளே!

அப்படியே உட்கார்ந்து ஒரு மந்திரம் செய்தாள். மண், கயிறு, பாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. யாருக்கும் வலிக்காது, காலை மட்டும் கொஞ்ச நேரம் தரையோடு கட்டிப்போடும். சொந்த அணியைச் சேர்ந்தவரை அடிக்க விளையாட்டு விடாது. ஆனால் கட்டுவது அடிப்பதில் சேராது என்பதை, தன்னோடு விளையாடிய ஒருவன் மேல் எறிந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரையிறுதி ஆட்டம். கூடத்து மேசையில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கணவன் நடுவில்.

"படிக்கட்டு" என்றாள் நாத்தனார்.

"தெரியும்."

அவள் படிக்கட்டில் ஏறினாள். எதிரிகள் மூவரும் வாசலில் தெரிந்தார்கள். வழக்கம்போல நாத்தனாரின் சூனியக்காரி படிக்கட்டை ஒட்டியே பின்பக்கத்துக்கு நழுவினாள். அந்த நொடியில் அவள் கயிற்றை எறிந்தாள். பழுப்பு வேர்கள் தரையிலிருந்து கிளம்பி நாத்தனாரின் கால்களைச் சுற்றிக்கொண்டன. இவள் படிக்கட்டிலிருந்து குதித்துச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"என்ன இது? கால் நகரலை! யாரு..." நாத்தனார் திரையை நெருங்கிப் பார்த்தாள். "நீங்களா?"

"நடுவுல நின்னு பாருங்க. நல்ல இடம்."

எதிரிகள் மூன்று பேரும் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். நாத்தனார் ஒருவனுடையதை உடைத்தாள். மற்ற இரண்டும் இறங்கின. கணவனின் மந்திரவாதி உதவிக்கு வரவில்லை. தூரத்து மதிலுக்குப் பின்னால் போய் அசையாமல் நின்றுகொண்டான். சற்று நேரத்தில் கோட்டை போயிற்று.

நாத்தனார் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். அது மேசையைத் தாண்டித் தரையில் விழுந்து உடைந்தது.

"இத்தனை வருஷமா ஆடறேன், அரையிறுதிக்கு வந்ததே இப்பதான். அதைக் கெடுத்துட்டீங்களே! மகராசி! அண்ணி! வாங்க அண்ணி, ரூமைத்தான் பிடுங்கிக்கிட்டீங்க, இதையும் பிடுங்கிக்கோங்க!"

"யாரு பிடுங்கினா? நீங்களா மனசு வந்து கொடுத்த ரூமுக்கு நான் என்ன செய்வேன்?"

"நானா மனசு வந்து கொடுத்தேனா? பெரிய ரூம் இல்லைன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க!"

"நானா? இந்த வீட்டுல எத்தனை ரூம்னே தாலி கட்டின அப்புறம்தான் எனக்குத் தெரியும்!"

"ஏன் ரெண்டு பேரும் கத்தறீங்க? பக்கத்து வீட்டுல கேக்கும். கேம்தானே..." என்று எழுந்தான் கணவன்.

"நீங்க இருங்க" என்றாள் அவள், நாத்தனாரைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "என்னைத் தினம் தினம் இரையா நிக்க வெச்சுச் சிரிச்சீங்களே, அது மட்டும் நியாயமா?"

"சிரிச்சேன். இல்லைன்னு சொல்லலை. ஆனா நிக்க வெச்சது நான் இல்லை. 'அவ எப்படியும் செத்துடுவா, நடுவுல நிறுத்து, நாம ஜெயிச்சுடலாம்'னு சொன்னது அண்ணன். என்னையும் சேர்த்துக்கோங்கன்னு நீங்க அவனைத் தொந்தரவு பண்றதாகவும் அவன்தான் சொன்னான்."

"நானா தொந்தரவு பண்ணேன்? நீங்க ஆசைப்பட்டுக் கேட்டதாத்தானே சொன்னாரு!"

மேசையில் கிடந்த மற்ற ஹெட்போன்களிலிருந்து அடுத்த ஆட்டத்துக்கான முரசு சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் முதன்முறையாக ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவங்க கொஞ்ச மாசத்துல தனியாப் போயிடுவாங்கன்னு சொன்னீங்களே?" என்றாள் அவள்.

"நான் கடைசிவரைக்கும் இங்கேயே இருக்கறதுல அவங்களுக்குச் சம்மதம்னு சொன்னியே?" என்றாள் நாத்தனார்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "யாரு மனசும் நோகக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தான். பிறகு பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து, "ஒரு லிஃப்ட் பாதியில நின்னுடுச்சாம், ஆள் மாட்டிக்கிட்டாங்களாம்" என்றான். போன் அடிக்கவே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

இருவரும் கட்டிப்பிடித்து அழவில்லை. நாத்தனார் ஹெட்போன் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"நீங்க செஞ்சதை நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

"மறக்க வேண்டாம். நானும் எதையும் மறக்கலை."

"என் துணியை இனிமே தொடாதீங்க."

"என் துணியைச் சுருட்டாம இருந்தா தொட மாட்டேன்."

அடுத்த மாதமே நாத்தனார் அச்சகத்துக்கு மேலே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மேசையை இறக்கும்போது அண்ணன் கைகொடுக்க வந்தான். "நீ தள்ளு" என்று சொல்லிவிட்டு, மறுமுனையைப் பிடிக்க அண்ணியைப் பார்த்தாள். வாய் திறந்து கேட்கவில்லை. அவளும் வாய் திறக்காமல் பிடித்தாள். இரண்டு மாடியும் ஒருவரை ஒருவர் முறைத்தபடியே இறங்கினார்கள்.

கணவனிடம் அவள் கத்தவில்லை. "உங்க தங்கச்சிக்கு ஏதாவது சொல்லணும்னா நேரா அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்குச் சொல்றதை எங்கிட்ட சொல்லுங்க. ஒருத்தர் பேரைச் சொல்லி இன்னொருத்தர்கிட்ட இனி ஒரு வார்த்தை வந்தாலும் நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் இன்னும் முழுசாக நம்பவில்லை. தங்கையிடம் நேராகச் சொல்லிவிட்டதாக அவன் சொல்லும் ஒவ்வொரு முறையும் போன் போட்டு நாத்தனாரிடமே கேட்டுச் சரிபார்க்கிறாள். அந்தப் போன் பேச்சில் நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. "நேராச் சொன்னாரா?" "சொன்னான்." "சரி." வைத்துவிடுவாள்.

அணி கலைந்தது. அவன் விளையாடுவதையே விட்டுவிட்டான். அன்று மத்தியானம் தன்னை அதட்டிய அந்தப் பெண்ணின் அணியில் அவள் சேர்ந்துகொண்டாள். நாத்தனார் வேறு அணி. ஞாயிறுகளில் ஒருவருக்கு ஒருவர் மோதும் களத்தில் இருவரும் இறங்குவார்கள். யார் யாரை முதலில் அழைத்தார்கள் என்பது நினைவில்லை. பெரும்பாலும் நாத்தனார்தான் ஜெயிப்பாள், இரக்கமே பார்க்க மாட்டாள். ஒரே ஒரு முறை சேற்றில் மாட்டிக்கொண்டு தோற்றபோது, நாத்தனார் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்படும் சத்தம் ஹெட்போனில் கேட்டது. அன்று இவள், தனக்கு மட்டும் போடாமல் கணவனுக்கும் சேர்த்துக் காபி போட்டாள்.

போன ஞாயிறு மறுபடி தோல்வி. காற்றையும் சுவரையும் கோத்து நாத்தனார் புதிதாக ஒன்று செய்திருந்தாள். அது பக்கவாட்டிலிருந்து வந்து அவளைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தது. திரை இருண்டதும் ஒரு செய்தி வந்தது.

'எப்பவும் இடது பக்கம் திறந்து கிடக்கு. கண்ணு தெரியலையா? நீங்கதானே ஊருக்கே கண்ணாடி தேய்க்கிறீங்க.'

'தெரியும்' என்று பதில் தட்டினாள். தெரியாது. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, இடது பக்கத்துக்கு ஒரு சுவர் செய்ய உட்கார்ந்தாள்.