சிறப்பு விருந்தினர் பந்து போடும் வரை

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. செல்லம்மா கோவிந்தராசு மகளிர் கல்லூரி ஒரு புள்ளி பின்னால். பந்து அவர்கள் கையில். அந்த நேரத்தில்தான் கல்லூரி வாசலில் சரவெடி வெடித்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்.

மூன்று மணிக்கு வந்து கூடைப்பந்து இறுதிப் போட்டியைத் தொடங்கிவைக்க வேண்டியவர். நாலரை வரை பார்த்துவிட்டு, நடுவர் ஜெயபிரகாஷ் பயந்துகொண்டே ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார். இப்போது மேடையில் தாளாளர் தெட்சிணாமூர்த்தி இரண்டு கைகளையும் தூக்கியதும் உயிரைக் கொடுத்து விசிலை ஊதினார். பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த கவியா, காலை இழுத்துப் பிடித்து நின்றாள்.

“ஃபவுலா சார்?”

“ஃபவுல் இல்லம்மா. செம்பியன் ஐயா.”

செம்பியன் ஐயா ஏதோ ஒரு வாரியத்தின் முன்னாள் தலைவர். எந்த வாரியம் என்பது ஊரில் யாருக்கும் நினைவில்லை. முன்னாள் மட்டும் நிலைத்துவிட்டது.

பயிற்சியாளர் தேவிகா வானத்தைப் பார்த்தாள். சூரியன் இறங்கிவிட்டது. மைதானத்தின் நான்கு விளக்குக் கம்பங்களிலும் உபயதாரர் பெயர்ப் பலகை இருந்தது, பல்பு இல்லை. இருட்டி ஆட்டம் நின்றுபோனால் அந்த நேரத்தில் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கே கோப்பை என்பது போட்டி விதி.

கோப்பை போனால் தேவிகாவின் வேலையும் போகும். இதே மைதானத்தில் மாணவியாக ஆடி, புதுச்சேரி மாநில அணி வரைக்கும் போனவள். முழங்கால் சவ்வு கிழிந்து திரும்பி வந்தாள். அன்றிலிருந்து இங்கே தற்காலிகப் பயிற்சியாளர். அந்தக் கல்லூரியில் நிரந்தரமாக இருந்தது அந்தத் ‘தற்காலிக’ என்ற சொல்தான். போன வாரம் தாளாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “கப்பு வந்தா உனக்கு நிரந்தரம். வரலைன்னா நீ வேற எடம் பாத்துக்க, நான் பாஸ்கெட்பால் கோர்ட்டுல காலேஜ் பஸ்ஸ நிறுத்திக்கிறேன்.”

மேடையில் பொன்னாடைகள் ஆரம்பித்தன. தாளாளர் ஒன்று, முதல்வர் ஒன்று, முன்னாள் மாணவியர் சங்கம் ஒன்று, பல்பு மாட்டாத உபயதாரர் ஒன்று. தேவிகா மேடைப் படியேறினாள்.

“சார், ரெண்டே நிமிஷந்தான் பாக்கி. ஆடி முடிச்சிடுறோம். அதுக்கப்பறம் ஐயா தொடங்கிவைக்கட்டுங்க.”

“முடிஞ்சத எப்படிம்மா தொடங்கிவைக்கிறது?” என்றார் தாளாளர். “அழைப்பிதழ்ல ஐயா பந்து போட்டுத் தொடங்கிவைப்பார்னு அடிச்சிருக்கு. பந்து உள்ள விழணும். போன வருஷம் விழாம விட்டதுலதான் நமக்கு அங்கீகாரத்துல சிக்கல் வந்திச்சு.”

செம்பியன் நான்கு பொன்னாடைகளோடு கூடைக்கு எதிரே வந்து நின்றார். முதல் பந்து வலையைத் தொடவில்லை. கைதட்டல். இரண்டாவது பலகைக்கு மேலே பறந்து வேப்பமரத்தில் சிக்கியது. இன்னும் பலத்த கைதட்டல்.

“காத்து அடிக்குது,” என்றார். மேடைக் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிரணிப் பெண்கள் தண்ணீர் குடித்து, காலை நீட்டி இளைப்பாறினார்கள். அவர்களின் பயிற்சியாளர் சுஹைனா, தேவிகாவோடு ஒரே அணியில் ஆடியவள்.

“ஒங்க கெஸ்ட்டு இன்னும் பத்து பந்து போட்டா கப்பு எனக்குடி.”

“அஞ்சு போதும்,” என்றாள் தேவிகா.

நாலாவது பந்து போட்டோகிராபரின் தோளில் விழுந்தது. கவியா உடம்பு சூடு தணியாமல் இருக்க நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தூர்ப் பெண். கோபத்தை அடக்கத் தெரியாது.

“மேம், நான் தூக்கி விட்டுடவா அவர?”

“வாய மூடு,” என்றுவிட்டு தேவிகா நேராக விருந்தினரிடம் போனாள்.

“ஐயா, குனிஞ்சு, கீழேருந்து ரெண்டு கையாலயும் தூக்கிப் போடுங்க. விழுந்துடும்.”

“அது பொம்பளப் பிள்ளைங்க போடுறதும்மா.”

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திகூட அப்படிப் போடுவதில்லை. தேவிகா அதைச் சொல்லவில்லை. அவருடைய தோளைப் பார்த்தாள். நான்கு பொன்னாடைகளும் நழுவாமல் இருக்க, அவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார். கை எப்படி மேலே போகும்?

“உங்க குறி சரியாத்தான் இருக்குங்க ஐயா. பொன்னாடைதான் தடுக்குது. கழட்டிடலாமா?”

செம்பியன் மேடையைப் பார்த்தார். போர்த்திய நால்வரும் யாருடையது முதலில் இறங்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மனசு சங்கடப்படுவாங்கம்மா.”

“நாலையும் ஒண்ணாவே எடுத்துடுறேன். கீழ வைக்க மாட்டேன், கையிலயே ஏந்திக்கிட்டு நிக்கிறேன்.”

அது மேடைக்கும் மரியாதையாகப் பட்டது. தேவிகா நான்கையும் ஒரே சுருட்டாக எடுத்து ஏந்திக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க.”

“இங்கேருந்தே போடுவேன்.”

“போடுவீங்க. போட்டோவுக்கு வெளிச்சம் அங்கதான் இருக்கு.”

அவர் கூடைக்கு அடியிலேயே வந்துவிட்டார்.

“முட்டிய மடக்குங்க. வளையத்தப் பாக்காதீங்க. பலகையில அந்தக் கட்டம் இருக்கு பாருங்க, அதோட மேல்மூலை. அங்க அடிங்க.”

பந்து பலகையில் பட்டு, வளையத்தில் கொஞ்சம் யோசித்து, உள்ளே விழுந்தது. மறுபடி சரவெடி. செம்பியன் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வீடியோவுல வந்திச்சா? இல்லைன்னா இன்னொண்ணு போடவா?”

வீடியோக்காரர் அன்பழகன் அப்போதுதான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். தேவிகாவின் முகத்தைப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்குங்கய்யா.”

அதற்குள் தேவிகா பந்தை எடுத்து ஜெயபிரகாஷிடம் வீசியிருந்தாள்.

வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. அவர்கள் ஒரு கூடை போட்டார்கள், இவர்கள் ஒன்று. மறுபடியும் அதே ஒரு புள்ளி பின்னால். கடைசி நொடிகளில் கவியா உள்ளே நுழைந்தபோது யாரோ அவள் கையில் அடித்தார்கள். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே. சமம். இரண்டாவதை அவள் இழுத்து விட்டாள். வளையம் அதிர்ந்தது, பந்து வெளியே வந்தது. விசில்.

சமநிலை என்றால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆட வேண்டும். ஆனால் மைதானத்தில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.

“ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க,” என்று தாளாளர் மைக்கில் தீர்ப்புச் சொன்னார். “கப்பு ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க.”

மேடையை விட்டு இறங்கியவரை தேவிகா பிடித்தாள்.

“என் வேலைங்க சார்?”

“அதுவும் அப்படித்தாம்மா. வருஷத்துல ஆறு மாசம் வா. நியாயந்தானே?”

கவியா பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தேவிகா அவளைப் பார்த்தாள்.

“விதிப்படி அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்குங்க சார். நாளைக்குக் காலைல ஆடி முடிச்சிடுறோம்.”

“தோத்தா அந்த ஆறு மாசமும் கிடையாது.”

“சரிங்க சார்.”

“நீ லூசாடி?” என்றாள் சுஹைனா. “அரை வேலையாச்சும் கைக்கு வந்துச்சே.”

“நீ ஆடுவியா மாட்டியா?”

“எம்புள்ளைங்கள எங்கடி படுக்க வைக்கிறது?”

“எங்க ஹாஸ்டல்ல. இட்லி உண்டு.”

“இட்லிய தின்னுட்டுத் தோத்துப்போயிடாதீங்க,” என்றாள் சுஹைனா. சம்மதம்தான்.

காலையில் மேடையைப் பிரிக்கும் ஆட்கள் மட்டும் இருந்தார்கள். ஜெயபிரகாஷ் தூக்கக் கலக்கத்தோடு பந்தை மேலே தூக்கிப் போட்டார். தொடக்கத்திலேயே சுஹைனாவின் பெண்கள் இரண்டு கூடை போட்டுவிட்டார்கள். வேலைக்காக இந்தப் பெண்களைப் பணயம் வைத்துவிட்டோமா என்று தேவிகாவுக்கு ஒரு கணம் தோன்றியது. கத்தவில்லை. கத்தினால் கவியா அவசரப்படுவாள்.

கவியா அவசரப்படவில்லை. ஒன்று போட்டாள். ஒன்றைத் தடுத்தாள். தூரத்திலிருந்து அவள் அணியின் விஷ்ணுப்ரியா வீசியது மூன்று புள்ளியாக விழுந்தது. ஒரு புள்ளி முன்னால். கடைசிப் பந்து சுஹைனாவின் ஆளிடம். வளையத்தைச் சுற்றியது. வெளியே விழுந்தது. பந்தல்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

“போடி,” என்றாள் சுஹைனா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தேவிகாவைக் கட்டிக்கொண்டாள்.

தேவிகா தாளாளருக்குப் போன் செய்தாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

“ஜெயிச்சிட்டோங்க சார்.”



“யாரு முன்னிலையில?”

தேவிகா சுற்றிப் பார்த்தாள்.

“தோத்தவங்க முன்னிலையிலங்க சார். வேலை ஆர்டர எப்ப வந்து வாங்கிக்கட்டும்?”