மஞ்சள் காய் என்றால் 'நான்'

என் மகள் துஹா இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். அவளை ஸ்பெயினில் உள்ள கோர்தோபாவுக்கு அழைத்துப்போய் அறுவை சிகிச்சை செய்துவைக்க ஒரு தொண்டு அமைப்பு முன்வந்தபோது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. பெற்றவர்கள் கூடப் போக முடியாது, அது அவர்கள் விதி. அங்கே ஒரு ஸ்பானியக் குடும்பம் குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவாள் என்றார்கள். பிறகு புண்ணில் கிருமி தொற்றியது, மறுபடி திறந்தார்கள், மறுபடி தைத்தார்கள். இரண்டு மாதம் என்றது இழுத்துக்கொண்டே போனது.

சனிக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுவோம். முதலில் அழுதாள், பிறகு கதை கதையாகச் சொன்னாள், பிறகு பேச்சு குறைந்தது. ஒருநாள், "கண்ணு, சாப்பிட்டியாடி?" என்று கேட்டேன். அந்த ஸ்பானிய வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்ட என்கார்னி பக்கத்திலிருந்து ஏதோ சொல்லித் தூண்டினாள். அப்போது என் மகள் ஸ்பானிய மொழியில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

"அந்த ஆன்ட்டி என்ன பேசறாங்கன்னே தெரியல."

ஆனால் நான் ஒன்றும் ஸ்பானியம் தெரியாதவள் இல்லையே. கல்யாணத்துக்கு முன்பு எல்லை தாண்டி, ஸ்பானியர்கள் ஆளும் செப்தா நகரத்தில் வீட்டு வேலை பார்த்தவள். தெரிந்ததை எல்லாம் திரட்டி என் பிள்ளையிடம் பேசினேன். வா. இங்கே வா. சாப்பிடு. சும்மா இரு. சீக்கிரம். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டு தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடியது. செப்தாவில் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இதே கதிதான். அந்த வீடுகளில் எங்கள் காதில் விழுந்தது அதட்டல் மட்டும். அதைத்தான் நாங்கள் ஸ்பானியம் என்று கொண்டுவந்தோம். என் மகளிடம் முதல்முதலாக அவள் மொழியில் பேசினேன், எஜமானி குரலில் பேசினேன்.

மறுநாளே எங்கள் பேட்டைச் சங்கக் கட்டிடத்தில் நடந்த ஸ்பானிய மாலை வகுப்புக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போதே கூச்சல். உள்ளே மூன்று பெண்கள் லூடோ போன்ற பர்ச்சீஸ் பலகையைச் சுற்றி உட்கார்ந்து தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் காபிக்கடை ஆண்கள் நாள் முழுக்க உருட்டுகிற அதே பலகை, அதே நான்கு நிறக் காய்கள். ஆசிரியர் முஃபத்தல், என்னைவிட இளையவர், ஒல்லிப்பிச்சான், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாடம் படிக்க வந்தேன், உஸ்தாத். சூதாட வரல," என்றேன்.

"உக்காருங்க லல்லா. இங்க தோத்தவங்கதான் எல்லாருக்கும் டீ போடணும், அவ்வளவுதான் சூது. உங்க பேர்?"

"ரிமூ."

"லல்லா ரிமூவுக்கு மஞ்சளைக் குடுங்க." லல்லா என்பது எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

அவருடைய விளையாட்டு இப்படி. மஞ்சள் காய் என்றால் 'நான்', சிவப்பு 'நீ', நீலம் 'அவள்', பச்சை 'நாங்கள்'. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வினைச்சொல் எழுதி ஒட்டியிருக்கும். காய் எங்கே போய் நிற்கிறதோ அந்தச் சொல்லை வைத்து, நடந்த ஒன்றை, ஆளும் காலமும் பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் காய் வந்த வழியே திரும்பும். பொய் சொன்னாலும் திரும்பும். பொய்யா மெய்யா என்று தீர்ப்புச் சொல்வது மற்ற மூவரும்.

நீலக் காய் வைத்திருந்த ஷாமா 'கழுவு' என்ற கட்டத்தில் நின்றாள். "என் நாத்தனா பாத்திரம் கழுவினா," என்றாள் ஸ்பானியத்தில், ஒரு பிழை இல்லாமல்.

"பொய்," என்றாள் பச்சைக்காரி. "உன் நாத்தனா தண்ணிக் குழாயைத் தொட்டு யாரு பார்த்தா? எடு காயை."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் பிள்ளை என்னை ஆன்ட்டி என்கிறாள், இவர்கள் நாத்தனாரை வைத்துச் சிரிக்கிறார்கள். கட்டையை உருட்டினேன். 'வா' கட்டம். "வா," என்றேன்.

"யாரை லல்லா கூப்புடறீங்க? நான் இங்கதான இருக்கேன்," என்றார் முஃபத்தல். "மஞ்சள் நீங்க. நீங்க வந்ததைச் சொல்லுங்க."

எனக்கு வரவில்லை. அத்தனை வருடம் அந்த வீடுகளில் வேலை பார்த்தும் 'நான் வந்தேன்' என்று சொல்ல ஒருநாளும் அவசியம் இருந்ததில்லை. என் காய் திரும்பிப் போனது. அன்றைக்கு டீ போட்டது நான்தான். சர்க்கரையைக் கோபத்தில் அள்ளிக் கொட்டினேன், குடித்தவர்கள் பாகு என்றார்கள்.

ஆனாலும் போனேன். தோற்றுக்கொண்டே போனேன். நான் தப்புச் சொன்னபோது முஃபத்தல் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, திருத்தியதும் இல்லை. காயைத்தான் பின்னால் நகர்த்துவார். திட்டு வாங்கியே அந்த மொழியைக் கேட்ட எனக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு மாலை 'பயப்படு' என்ற கட்டத்தில் நின்றேன்.

"நான் பயந்தேன்," என்றேன். "என் மகளை விமானத்துல ஏத்துனாங்க. நான் பயந்தேன். அழல."

ஷாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மெய்தான். நகரு," என்றாள்.

அந்த வாரம் என்கார்னியிடம், நானே வாயைத் திறந்து, உங்கள் ஊர்க் கடையில் பர்ச்சீஸ் பலகை கிடைக்குமா என்று கேட்டேன். அதுவரை அவளிடம் நன்றி, நன்றி என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன். என் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாளே என்ற வயிற்றெரிச்சல். அடுத்த சனிக்கிழமை அங்கே ஒரு பலகை, இங்கே ஒரு பலகை. துஹா உருட்டியதை அவளே சொல்வாள், நான் இங்கே காயை நகர்த்துவேன்.

"ஆறு விழுந்துச்சு," என்றாள் துஹா.

"போன தடவையும் ஆறு. திருட்டுக் கழுதை, என்கார்னி பார்த்தாங்களா?"

பின்னால் என்கார்னி சிரிப்பது கேட்டது. "மூணுதான் ரிமூ, மூணுதான். என்னையே ஏமாத்தறா." துஹாவும் சிரித்தாள். என் பேச்சுக்கு என் பிள்ளை சிரித்து எத்தனை நாளாயிற்று. அன்று முழுக்க நான் அவளிடம் எதையும் செய்யச் சொல்லி ஏவவில்லை. நேற்று மழை பெய்தது, நான் நனைந்தேன், அப்பா சிரித்தார், இவ்வளவுதான்.

வசந்தத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். தாஞ்சியர் விமான நிலையத்தில் என்னிடம் சமர்த்தாக வந்தாள். மூன்றாம் நாள் மதியம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, என்கார்னி வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாள். என் மாமியார் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சும்மா இரு என்று. விழுங்கிக்கொண்டேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் மொழியில் கேட்டேன்.

"அவங்க உனக்கு என்னவெல்லாம் செஞ்சாங்க? எனக்குச் சொல்லு."

விம்மிக்கொண்டே தொடங்கினாள். என்கார்னி கட்டுப் பிரிக்கும்போது ஊதிவிட்டாள். ஊசி போட்ட கைக்கு முத்தம் கொடுத்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினாள், குறட்டை விட்டாள். அப்புறம் ஒன்று சொன்னாள்.

"மறுபடி உள்ள தள்ளிட்டுப் போனாங்கல்ல, அப்ப என்கார்னி அழுதாங்க. அழாதீங்கன்னு நான் சொன்னேன். எங்கம்மா வந்துருவாங்கன்னு சொன்னேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஏம்மா வரல?"

என் மகள் அதைக் கேட்டுவிட்டாள். கேட்க அவளிடம் ஒரு மொழிதான் இருந்தது. அந்த மொழியில் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. முஃபத்தலுக்கு நான் பட்ட கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்.

"நான் வரணும்னு நெனச்சேன். அவங்க விடல. தினமும் கேட்டேன், விடல. விட்டிருந்தா நடந்தே வந்திருப்பேன். நீ சொன்னது சரிதான் துஹா, உங்கம்மா வரத் தயாராத்தான் இருந்தா."

பிழை இருந்ததோ என்னவோ, திருத்த யாரும் இல்லை. பொய்யா மெய்யா என்று அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து, தையல் போட்ட நெஞ்சை என் விலாவில் அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

"என்கார்னிகிட்டச் சொல்லணும்," என்றாள். "நான் சொன்னது சரிதான்னு."

தொலைபேசியை எடுத்து நானே எண்ணை அழுத்தினேன்.