எல்டன் கோபுரத்துக் கேப்டன்

ஒன்பது வருஷமாக ஆர்லிஸ் அந்த மேஜையில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். டுலூத் ஊரில், நடுவராக இருந்து கதையை நடத்துகிற வென்டெல் வீட்டு நிலவறையில் சனிக்கிழமை மத்தியானம் கூடுகிற ஆட்டம் அது. ஆளுக்கொரு கற்பனை ஆள், அவனுடைய பலத்தையும் உயிரையும் குறித்துவைக்க ஒரு தாள், இருபது முகப் பகடை. மீதியெல்லாம் வாய்தான். மற்றவர்கள் வாள் வீசுவார்கள், மந்திரம் போடுவார்கள். ஆர்லிஸின் சன்னியாசினி பின்னாலேயே ஓடி அவர்களைத் தூக்கி நிறுத்துவாள். தூக்கி நிறுத்தினதற்கு ஒருத்தராவது நன்றி சொன்னதுண்டா என்றால், கிடையாது.

அப்படிப்பட்டவளைப் போன மாசம் கூட ஆடுகிற மூன்று பேரும் கை தூக்கிக் கேப்டனாக்கினார்கள். அரக்கர் படை எல்டன் ஊரை நோக்கி வருகிறது, இரண்டாயிரம் பேர். ஊர்க்காரர்கள் இருநூறு. எல்டன் இவர்களே ஒன்பது வருஷமாக வீடு வீடாக வரைந்து வளர்த்த ஊர். வென்டெலின் பெரிய வரைபடத்தில் விழுந்த ஊருக்குக் கறுப்பு மை பூசிவிடுவார்கள். பூசினால் பூசினதுதான், திரும்ப எழுப்ப முடியாது. அதுவும் தோற்ற கேப்டன் கையாலேயே பூச வேண்டும்.

ஆர்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நூலகத்திலிருந்து தடித்தடியாகப் போர்ப் புத்தகம் எடுத்துவந்து, பிள்ளைகள் ஏறுகிற நிறுத்தத்திலெல்லாம் படித்தாள். பழங்காலத் தளபதி ஹானிபல் கன்னே என்ற இடத்தில் ரோமானியப் படையைச் சுருட்டினானே, அதுதான் அவளுக்குப் பிடித்தது. நடுவில் இருக்கிற படை மெல்லப் பின்வாங்கும். எதிரி ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே பாய்வான். இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். இரண்டாயிரத்தை இருநூறு ஜெயிக்க வேறே வழியே இல்லை.

இடது மேட்டில் லவோன், வலது மேட்டில் ஸ்கிப், இருவரிடமும் வில்லாட்கள். நடுவே பாலத்தடிப் பள்ளத்தில் அவள் புருஷன் மெர்லுடைய சத்திய வீரனும் நாற்பது ஈட்டிக்காரர்களும். கோபுர மணி அடித்தால் நடுப்படை பின்வாங்கணும். சிவப்புக் கொடி ஏறினால் இரண்டு மேட்டிலிருந்தும் பள்ளத்துக்குள் அம்பு மழை. எல்லாருக்கும் படம் போட்டு விளக்கினாள். மெர்ல், "ம்" என்றான். இருபத்தாறு வருஷமாக அவன் எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே "ம்".

சண்டை தொடங்கியது. ஆர்லிஸின் சன்னியாசினி கோபுரத்தின் மேல். அரக்கர்கள் பாலத்தைத் தாண்டியதும் மணி அடித்தாள். ஈட்டிக்காரர்கள் பின்வாங்கினார்கள்.

"மெர்ல், நீ?" என்றார் வென்டெல்.

"நிக்கிறேன்."

"என்னது?" என்றாள் ஆர்லிஸ்.

"என் ஆளு சத்தியம் பண்ணவன். எதிரிக்கு முன்னாடி ஒரு அடிகூடப் பின்னாடி வைக்க மாட்டான்."

"யோவ், இன்னிக்கு ஒரு நாளைக்கு வச்சாத்தான் என்ன? மணி அடிச்சது காதுல விழலியா?"

வென்டெல் கையைத் தூக்கினார். "கேப்டன், நீ கோபுரத்து மேல இருக்கே. அவன் முந்நூறு தப்படி தள்ளி நிக்கிறான். நீ பேசுறது அவனுக்குக் கேக்காது."

அந்த மேஜையின் கண்டிப்பு அது. சண்டை தொடங்கிவிட்டால், ஆட்டத்துக்குள்ளே யாருக்குக் காது எட்டுமோ அவர்களோடுதான் பேச்சு. முழங்கையும் முழங்கையும் இடிக்க உட்கார்ந்திருக்கிற புருஷனிடம் பேச முடியாது. அவனானால் தட்டில் இருந்த உருளைக்கிழங்குக் கறியை முள்கரண்டியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தான். அவளுக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்க்கலாம்போல இருந்தது. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் அவள் கண்ணாடியில் பார்த்தாலே வாய் பொத்தி உட்காரும். இந்த ஒரு ஆள் மட்டும் அடங்கமாட்டான்.

"தூதன் ஒருத்தனை அனுப்பறேன். பின்னாடி வான்னு சொல்லட்டும்."

பகடையை உருட்டினாள். மூன்று.

"சேத்துல வழுக்கி விழுந்துட்டான். கால் போச்சு" என்றார் வென்டெல்.

"அந்தக் காலையும் நான்தான் கட்டணும்போல."

ஆனால் படமோ அவள் போட்டபடியேதான் நடந்துகொண்டிருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அரக்கர்கள் பள்ளத்துக்குள் கொட்டினார்கள். நடுவில் ஒற்றை ஆளாக நின்ற மெர்லை மொய்த்துக்கொண்டு எல்லாரும் அங்கேயே தேங்கி நின்றார்கள். பள்ளம் நிறைந்துவிட்டது. ஹானிபலே வந்திருந்தாலும் இதற்குமேல் ஒன்றும் கேட்டிருக்க மாட்டான்.

"கொடி?" என்றார் வென்டெல்.

லவோன் ஸ்கிப்பைப் பார்த்தாள். அம்பு பாய்ந்தால் பள்ளத்துக்குள் ஒரு உயிரும் மிஞ்சாது. மெர்லுடைய ஆளும் போவான். ஒன்பது வருஷத் தாளைக் கிழிக்க வேண்டியதுதான்.

"இன்னொரு தூதன்" என்றாள் ஆர்லிஸ்.

ஏழு. அவன் பாதி வழியிலேயே பயந்து ஓடிவிட்டான்.

"கொடி ஏத்துறியா கேப்டன்?"

"ஒரு சுத்து பொறுங்க. அவனுக்குப் புத்தி வருதான்னு பாப்போம்."

மெர்ல் பகடை உருட்டினான், வெட்டினான், உயிர்ப்புள்ளி ஆறைக் கழித்தான். பின்வாங்கவில்லை. ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி அவளை முறைத்தான். அவளும் பதிலுக்கு முறைத்தாள்.

அடுத்த சுற்றில் அரக்கர்கள் இடது மேட்டில் ஏறினார்கள். லவோனின் வில்லாட்கள் சிதறினார்கள். அதற்கடுத்த சுற்றில் கொடி ஏற்றிப் பிரயோஜனமில்லை என்று வென்டெல் சொல்லிவிட்டார். ஊர் பற்றிக்கொண்டது. மெர்லுடைய ஆள் பிணக் குவியலுக்கு நடுவே இரண்டு புள்ளி உயிரோடு கிடந்தான். பிழைத்துவிட்டான்.

வென்டெல் மைக்குப்பியை நகர்த்தினார். ஆர்லிஸ் தூரிகையை எடுத்தாள். ரொட்டிக்கடை, குதிரை லாயம், லவோன் ஒரு குளிர்காலம் முழுக்க வரைந்த ஆலை. எல்லாவற்றின் மேலும் பூசினாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே பூசினாள்.

"இப்பப் பேசலாமா?" என்றான் மெர்ல்.

"பேசலாம்" என்றார் வென்டெல்.

"ஏன் கொடி ஏத்தல?"

ஆர்லிஸுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன்னா கேக்குறே? நீ உள்ள நின்னியே."

"உள்ள நின்னாத்தானே அதுங்க உள்ள நிக்கும்? நாப்பது பேரும் ஓடிட்டா யாரை மொய்க்கும்? நேரா ஊருக்குள்ள போயிருக்கும். நான் செத்தாலும் பரவால்லன்னு முடிவு பண்ணித்தான் நின்னேன். நீ அம்பு விடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா? பெரிசா சத்தியம்னு பேசினே."

"சத்தியமும்தான். ரெண்டும்தான். பள்ளம் நிறைஞ்சப்போதான் எனக்கே புரிஞ்சுது. அப்புறம் எப்படிச் சொல்றது, நீ கோபுரத்து மேல இருக்கே."

"புருஷன் மேல அம்பு விடச் சொல்றியா என்னை?"

மெர்ல் தன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். அவனுக்குக் கோபம் வந்து அவள் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். இது அதில் ஒன்று.

"நாங்க மூணு பேரும் கை தூக்கினது கேப்டனுக்கு, ஆர்லிஸ். என் பொண்டாட்டிக்கு இல்ல."

லவோன் வேறெங்கோ பார்த்தாள். ஆர்லிஸ் மைக்குப்பியை இறுக மூடி வென்டெல் பக்கம் தள்ளினாள். மெர்ல் சொன்னது சரி.