எங்கே இறக்கணும் பாஸ்?

1

இந்தக் கதை செலாயாங் மொத்தச் சந்தையில், அதாவது எங்கள் பாசாரில், உருளைக்கிழங்கு மூட்டை மேல் நான் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

பொழுது புலர்ந்தது. பறவைகள்

நிறுத்திவிட்டேன். பாசாரில் பறவை ஏது? காக்காதான், அதுவும் மீன் பக்கம்.

[அந்த வரியை அழிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஞாயிறு வகுப்பில் தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன் நான். எழுதியதை அழிக்க மனசு வருவதில்லை.]

மறுபடியும்: என் போனில் இரண்டு பேர் குடிவந்தார்கள். ஆமாம், இதுதான் தொடக்கம்!

2

அவர்கள் மனிதர்கள் இல்லை, ஏஐ. டீக்கடை குமுதா போட்டுக் கொடுத்தது. தமிழில் பேசினால் போதும், மலாயில் எழுதித் தரும். எனக்கு மலாய் வாயில் ஓடும், விரலில் ஓடாது. முதல் தடவை லீவு கேட்டு எழுதச் சொன்னேன். கண் இமைப்பதற்குள் வந்து விழுந்தது பாருங்கள், நானே எனக்கு லீவு கொடுத்திருப்பேன்!

பாசாரில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. சொன்னதும் பத்தி பத்தியாக எழுதுகிறதுக்கு வாய்க்காரன் என்று வைத்தேன். எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் கேள்விக்காரன். போனில் இடமில்லை, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.*

"என்ன அண்ணே, பொண்ணு பாக்கிற மாதிரி ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க?"

"பொண்ணு பாத்தப்பகூட இவ்ளோ யோசிக்கல லா, குமுதா."

* இடத்தை அடைத்திருப்பது பேத்தியின் வீடியோக்கள். அதில் கை வைக்க முடியாது.

3

புது ஆளைச் சோதிக்க மூட்டை தூக்குகிற எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. மூட்டையைக் காட்டி "தூக்கு" என்போம், அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு நடுவழியில் நின்று முழித்தால் அவன் இன்னும் தேறவில்லை. குனிவதற்கு முன்பே "எங்கே இறக்கணும் பாஸ்?" என்று கேட்டால் அவனுக்கு உடனே டீ.

இரண்டு ஏஐக்கும் ஒரே மூட்டையைக் காட்டினேன். மூட்டையின் பெயர் தம்புசாமி.

தம்புசாமி என் ஜோடி. ஒரு மூட்டைக்கு நாங்கள் இரண்டு பேர். கொஞ்ச நாளாக முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். தராசுப் பக்கம் எடை பார்க்கிறவரின் நாற்காலி காலியாக இருக்கிறது; யாருக்கு என்று சூப்பர்வைசர் சுகுமாறன் இன்றைக்குச் சொல்லப்போகிறார். அதை இவனுக்குக் கேட்டு அவருக்கு எழுதச் சொன்னேன்.

வாய்க்காரன் உடனே எழுதினான். படித்துச் சிலிர்த்துப்போனேன்! 'மருத்துவரின் ஆலோசனைப்படி' என்றுகூட இருந்தது. (எந்த மருத்துவர்? எண்ணெய் போட்டு உருவிவிடுகிற ஆளைத் தவிர இவன் யாரையும் பார்த்ததில்லை.)

கேள்விக்காரன் எழுதவில்லை. கேட்டான்: முதுகு வலி சூப்பர்வைசருக்குத் தெரியுமா? தெரிந்தால் தம்புசாமியின் வேலைக்கு ஆபத்து உண்டா? இதை எழுதச் சொன்னது தம்புசாமியா?

எனக்குக் கோபம் வந்தது. பிறகு

இல்லை, இதை நேராகவே எழுதுகிறேன். முதுகு போனவனை நாளையிலிருந்து வராதே என்பார்கள், அதனால்தான் இவன் மறைத்தான். அது தெரிந்தும் இவனை ஒரு வார்த்தை கேட்காமல் இந்த மூட்டையைத் தூக்கியவன் நான்.

4

"டேய், உனக்குத் தராசு வேலை கேக்கட்டுமா?"

"யாரு இப்படிக் கேக்கச் சொன்னா?"

"போனு."

"போனுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்ல பாத்தியா!" சிரித்தான். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

வாய்க்காரன் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"எந்த டாக்டர நான் பாத்தேன்? சுகுமாறன் டாக்டர் குடுக்கிற எம்.சி. சீட்டு எங்கன்னு கேட்டா உன் போனா குடுக்கும்?" பிறகு நாற்காலியைப் பார்த்தான். "அது எனக்கு வேணும்டா. ஆனா முதுகப் பத்தி எழுதாத."

அதைச் சொன்னதும் கேள்விக்காரன் கேட்டான்: அவர் எதில் கெட்டிக்காரர்?

"நனைஞ்ச மூட்டைய தொடாமலே சொல்லுவேன்னு எழுது!" என்று தம்புசாமி கத்தினான். "எடையில தண்ணி வித்தா விடமாட்டான்னு எழுது!" என்று குமுதா கடையிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். மூன்று பேரும் போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டோம். நாலே வரி. எல்லாம் நிஜம்!

5

கதைக்கு முடிவு கேட்டேன். சுகுமாறன் கண்கலங்கித் தம்புசாமியைக் கட்டிக்கொண்டார் என்று வாய்க்காரன் எழுதினான். சுகுமாறனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கேள்விக்காரன், உங்களுக்கு எந்த முடிவு வேண்டும் என்றான். எனக்குத் தெரிந்தால் உன்னை ஏன்டா கேட்கிறேன்?

நானே எழுதிப் பார்த்தேன்: தம்புசாமி நாற்காலியில்

"அப்படியே எழுது," என்றான் தம்புசாமி. "கதையில எவனும் எம்.சி. கேக்கமாட்டான்."

ஆனால் கதைக்கு வெளியே லோரி வந்து நிற்கிறது. சுகுமாறன் தராசுப் பக்கமாக நடந்து வருகிறார். நாலு வரியும் தயார், என் கட்டைவிரலும் தயார். அனுப்பு என்று இவன் இன்னும் சொல்லவில்லை. லோரிக் கதவு திறந்ததும், பழக்கத்தில், மூட்டைக்குக் குனிகிறான்.

வாசிக்கிறவரே, இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை அவன் தொடுவதற்குள் நீங்கள் பிடியுங்கள். பிடித்துவிட்டு, முடிவை நீங்களே சொல்லுங்கள்:

எங்கே இறக்கணும் பாஸ்?