போனக்காட்டின் பச்சை நேரங்கள்

கழக்கூட்டத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஸ்மிதா குழுத்தலைவி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையைப் பங்கிடுவாள்; அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். பகுதிநேர ஊழியர்கள் தமக்கு ஒழியும் நேரங்களைப் பொது நாட்காட்டியில் பச்சையாக்க வேண்டும். யோசுவா வேறொரு நிறுவனத்திலும் வேலை செய்ததால் அவனுடைய பச்சை வாரந்தோறும் இடம் மாறியது. திவ்யலட்சுமியின் பச்சை, கைக்குழந்தையின் உறக்கத்தைப் பொறுத்திருந்தது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சோதனைப்பணி செய்த கௌசல்யாவுக்கோ விடியல் முதல் அந்தி வரை ஒரே பச்சை. மற்றவர்கள் எப்போது முடித்தாலும் அவள் சோதித்துவிடுவாள் என்று நம்பி, மருத்துவமனைச் செயலியின் பகுதிகள் அனைத்தையும் ஸ்மிதா அவள் பெயரில் ஒப்படைத்தாள்.

அவற்றுள் பாதி சோதிக்கப்படாமலே கிடந்தது.

பச்சை என்று பொய் சொன்னவளை இந்த ஸ்பிரிண்டோடு விலக்கிவிட வேண்டும் என்றான் மேலாளன் கைலாஷ். ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவளைப் பொய்க்காரி ஆக்கும் துணிவை எந்த நிர்வாகப் படிப்பு கற்றுக்கொடுக்கிறதோ! ஸ்மிதா கேட்க விரும்பினாள்; கௌசல்யாவைக் காணொளியில் அழைத்தாள்.

திரை முழுவதும் வெண்மை. நெடுநேரம் கழித்து, நீருக்கடியிலிருந்து எழுவதுபோல ஒரு முகம் எழுந்தது. அதன் பின்னால் தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகத் தோன்றின; தோன்றிய வரிசையிலேயே மறைந்தன. கௌசல்யா, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளுக்கு மேலிருந்த பாறையில் அமர்ந்திருந்தாள். மூடுபனி விலகும்போது மட்டுமே அங்கே சிக்னல் கிடைக்கும் என்றாள்.

“பின்னே ஏன் நாள் பூராப் பச்சை போட்டே?” என்று கேட்டாள் ஸ்மிதா.

“நாள் பூரா இங்கதானே இருக்கேன், சேச்சி. இந்தப் பனிமஞ்சு எப்ப மாறும்னு ஆருக்குத் தெரியும்? மாறும்போ நான் கீழ லயத்துல இருந்தா போச்சுல்லா.”

பிறகு, தன்னை நீக்கிவிடுவார்களா என்று கேட்டாள். ஸ்மிதா வாய் திறக்குமுன் திரை மீண்டும் வெளுத்தது. அவ்வெண்மையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை, நாற்காலி, குளிரூட்டியின் இரைச்சல் எல்லாம் மெல்லக் கரைய, ஈரப் பாறையொன்றின் மீது தானும் ஏதோவொரு விலகலுக்காகக் காத்திருப்பதாகத் தோன்றியது.

மறுநாள் திட்டக் கூட்டத்தில் அவள் கௌசல்யாவுக்கு நேரமே குறிக்கவில்லை. பனி விலகும்போது மற்றவர்கள் முடித்த பகுதிகளை மடிக்கணினியில் இறக்கிக்கொள்ளட்டும். இணையமில்லாமல் வீட்டிலேயே சோதிக்கட்டும். அடுத்த விலகலில் முடிவுகளை அனுப்பட்டும். அவை தாமதமாகவே வரும். ஆகையால் இம்முறை செயலியில் நோயாளிகளின் வரிசைச் சீட்டுப் பகுதி மட்டும், மருந்து நினைவூட்டல் பிறகு என்றாள்.

“குறைச்சுத் தரோம்னு கிளையண்ட் கிட்டே ஆர் சொல்றது?” என்றான் கைலாஷ்.

“நான் சொல்றேன். அவ பொய் சொல்லல்லே, கைலாஷ். பச்சைன்னா என்னன்னு நாமதான் அவகிட்டே கேக்கல்லே.”

அங்கேயே குழுவினர் முன்னிலையில் மருத்துவமனையை அழைத்தாள். மருத்துவமனையார் முணுமுணுத்தார்கள், பின்பு, சீட்டாவது சொன்ன நாளில் வருமா என்று கேட்டார்கள். வரும் என்றாள். கைலாஷ் அடுத்த ஸ்பிரிண்டிலும் கௌசல்யாவின் பெயரைச் சேர்த்தான்.

வேலை உனக்கு உண்டு, சீட்டுப் பகுதியை இறக்கிக்கொண்டு வீட்டிலேயே சோதி, பாறையில் காத்திருக்காதே என்று ஸ்மிதா செய்தி அனுப்பினாள். அது எங்கோ மேகத்துக்குள் நெடுநேரம் நின்றது. பிற்பகலில் ஒரே சொல்லாகப் பதில் வந்தது: “இறங்குறேன்.”

மலையில் வெண்மை மூடியது. கௌசல்யா மடிக்கணினியைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பாதையில் கால் பழக்கத்தால் இறங்கி வீட்டை அடைந்தாள். கதவைச் சாத்தினாள். அடுப்பருகே அமர்ந்து, எவருக்கும் எட்டாத அந்த அறையில், செயலியில் முதல் நோயாளியாகத் தன் பெயரையே பதிந்து வரிசைச் சீட்டு கேட்டாள்.