மூன்று குழாய் மகரந்தம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வெங்கடரமணன் ஆகிய நான், என் தம்பி கோவர்த்தனன், அவன் மனைவி தாட்சாயணி, குமாஸ்தா கங்கையா, நான் பெயர் சொல்ல விரும்பாத ஓர் அதிகாரி. இடம் சித்தூர் அரசு அலுவலகம், 1960, ஆடி மாதம். தானும் இருந்ததாக வேறு யார் சொன்னாலும் அது பொய்.

பாலசமுத்திரத்தில் எங்கள் நிலத்து மாமரம் தையில் பூக்கும், பழம் கற்கண்டு. திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரிப் பக்கத்து அரசுத் தோட்டம் ஒன்றில் ஒரு மரம் ஆடியில் பூக்கும். பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. இரண்டையும் கலந்தால், மாம்பழமே இல்லாத மாதத்தில் நல்ல பழம் வரும் என்று தம்பி நம்பினான். அதற்குத் தைப் பூவின் மகரந்தம் ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டும். ஏழு வருடம் முயன்று ஒரு பித்தளைப் பாத்திரம் செய்தான். இரட்டைச் சுவர், நடுவே உமிக்கரி, உள்ளே ஐஸ். கண்ணாடிக் குழாயின் அடியில் ஈரம் உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்புக் கல், அதன்மேல் பஞ்சு, பிறகு மகரந்தம், வாயில் மெழுகு. ஈரம் பட்டால் எல்லாம் போயிற்று.

அந்த மாசியில் மாநில எல்லை அளக்க வந்தவர்கள், பார்வையை மறைக்கிறது என்று எங்கள் மரத்தை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது மூன்று குழாய்.

தோட்டத்து மரத்தைத் தொட அனுமதி வேண்டும். தெலுங்கில் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும் என்றார்கள். மனுவும் எழுதி, குழாய்களில் சீட்டும் ஒட்டியாயிற்று. காலையில் பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மதியம் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு கண்ணாடித் தம்ளர். அதில் மஞ்சளாகக் கலங்கிய தண்ணீர்.

கங்கையா சிரித்தான். "ஏமண்டி, இது தேனா? நாக்குல வச்சுப் பார்த்தேன், தீப்பே லேது, துளி இனிப்பு இல்ல!"

"மூணையும் கரைச்சிட்டீங்களா?" என்றான் தம்பி.

"ஒண்ணு போதலை. சுத்தமான்னு பார்க்க வேணாமா? மகரந்தம்னா தெலுங்குல தேனே கதா?" என்றார் அதிகாரி.

"தேன் இல்ல சார். பூவுல இருக்கிற பொடி. உங்க தெலுங்குல புப்பொடி."

"அப்படின்னா புப்பொடின்னு எழுதறதுதானே!"

தாட்சாயணிக்குப் பொறுக்கவில்லை. "ஆறு மாசமா திருப்பதி போய் ஐஸ் வாங்கியாந்து போட்டுக்கினு இருந்தோமே! வெளியிலதான உட்கார்ந்துக்கினு இருந்தோம், ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?"

கங்கையாவின் சிரிப்பு நின்றது. "வெயில்ல காய வச்சா மறுபடி பொடி ஆவாதாம்மா?"

"ஆவாது. செத்துப்போச்சு" என்றான் தம்பி. பிறகு என் பக்கம் திரும்பி, "வா அண்ணா, பஸ் போயிடும்" என்றான். அதற்குமேல் என்னிடம் அன்றும் ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

அலிபிரி மரம் அந்த ஆடியில் பூத்துக் கொட்டியது. அடுத்த தைக்கு எங்களிடம் மரம் இல்லை. பாத்திரத்தைத் தம்பி கவிழ்த்து வைத்துவிட்டான்.

கோவர்த்தனன் மாவைத் தேன் என்று காட்டி ஏமாற்றப் பார்த்தான் என்று புத்தூர்க் கடைத்தெருவில் பேசுகிறார்கள். குழாயில் இருந்தது மாவு அல்ல. அவன் அதைத் தேன் என்று சொல்லவும் இல்லை. அவனுக்குத் தெலுங்கு எழுத வராது. அந்தச் சீட்டுகளில் மகரந்தம் என்று எழுதியவன் நான்.