காயாத வயல்

மீசைக்காரர் மடையை அடைத்து ஒரு வாரமாகிறது. மழையும் இல்லை. ஆனாலும் அவருடைய நெல்வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை, வேளாண் அலுவலருக்கும் பிடிபடவில்லை.

அவள் சொல்லிக்கொடுத்த முறை எளிது. தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் சேற்றில் காற்று புகாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மீத்தேனை உண்டாக்கும், அது பூமியைச் சூடாக்கும். அவ்வப்போது வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையும். பயிர் வாடாதா? வாடாது. பக்கமெல்லாம் துளையிட்ட அகலமான குழாயை வயலில் பதித்து எட்டிப் பார்த்தால், மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். முக்கால் சாண் ஆழம்வரை வேருக்குக் கவலையில்லை.

விவசாயிகளை அவள் மூன்று வகையாகப் பிரித்திருந்தாள்: கணக்குக் கேட்பவர், கண்ணால் பார்த்தால் நம்புபவர், எதற்கும் மசியாதவர். வகைக்கொரு பேச்சும் வைத்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாம் வகையினர் காய்ந்த வயலைப் பார்க்க வருகிறார்கள். ஈர வயலைக் காட்டினால், இந்தப் பக்கம் இனி ஒருவரும் அவள் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

விடியும்போதே போய்ப் பார்த்தாள். மீசைக்காரரின் மச்சான்தான் பக்கத்து வயல்காரர். நடுவரப்பை மண்வெட்டியால் வெட்டித் தன் தண்ணீரை இந்தப் பக்கம் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க ஐயா?"

"மெதுவாப் பேசும்மா. தெரிஞ்சா மச்சான் ரோஷப்படுவாரு. மோட்டார் ரிப்பேர் பண்ண வழியில்ல போல. வாயத் தொறந்து கேக்கவும் மாட்டாரு."

"அவர் வேணும்னேதான் காயவிடறாரு."

"கஷ்டகாலத்துல நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மீத்தேனைப் பற்றி விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா, நாளைலேருந்து கொஞ்சமா விடறேன்."

இரக்கப்படுபவருக்கென்று அவளிடம் பேச்சு எதுவும் இல்லை. இவர் எப்படியும் தினம் வரத்தான் போகிறார் என்பது மட்டும் புரிந்தது. மீசைக்காரரின் வயலில் பதித்திருந்த குழாயைப் பிடுங்கி, மண்மட்டத்திலிருந்து முக்கால் சாண் கீழே வரும்படி உட்புறத்தில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, மறுபடியும் பதித்தாள்.

"இந்தக் கோட்டுக்குக் கீழ தண்ணி போனாதான் பயிருக்குக் கஷ்டம். மச்சானுக்காக நீங்கதான் தினமும் பாத்துக்கணும்."

"அவருக்குத் தெரியவேணாம்."

"நான் சொல்லமாட்டேன்."

வெள்ளிக்கிழமை வயல் காய்ந்திருந்தது. மீசைக்காரர் தன் மனவுறுதியைப் பற்றி வந்தவர்களிடம் நெடுநேரம் பேசினார். அந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை அவருடைய மச்சான் முடிவுசெய்கிறார்: காலையில் குழாய்க்குள் பார்ப்பார், தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வரப்பை வெட்டுவார், இல்லையென்றால் மண்வெட்டியோடு வீட்டுக்குப் போய்விடுவார்.